தொம்மையின் ஒன்பது பற்கள்

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, அறுபத்தொரு நாள் கட்டிப்போட்டிருந்த விசைப்படகுகளைச் சிப்பித்துறைக்காரர்கள் நாங்கள் மறுபடியும் கடலுக்கு எடுத்த முதல் விடியற்காலையில், ‘சலேத் மாதா’ படகின் டிரைவர் இஞ்ஞாசி சாவியைத் திருப்பியபோது, யாரோ வாய் நிறைய முறுக்கைப் போட்டுக் கடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது, அதன்பின் எஞ்சின் எந்தக் குறையுமில்லாமல் ஓடத் தொடங்கியது, இஞ்ஞாசியும் கடலுக்குப் போய்விட்டு இறாலோடு திரும்பி வந்தான்.

மூன்றாம் நாள் நாற்றம் வந்தது. எஞ்சின் ரூம் என்றால் டீசலும் கிரீஸும் அழுகின மீன்தண்ணீரும் நாறும், அது எங்களுக்குப் பழகின நாற்றம். இது வேறு. பீடி குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் தூங்கி எழுந்த ஒருவன் நம் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டால் வருமே, அந்த நாற்றம், அது எஞ்சினை உசுப்பிவிடுகிற செல்ஃப் மோட்டாருக்குள்ளிருந்து வந்தது. இஞ்ஞாசி போல்ட்டுகளைக் கழற்றி, மோட்டாரைச் சாக்கில் சுற்றி, மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு பிரகாசியின் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

பிரகாசி, ஐஸ் கம்பெனிக்கு எதிரே செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் பழுது பார்க்கிறவள். ஐடிஐயில் எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு, கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, இருபது வருஷமாக அந்தத் தகரக் கொட்டகையில் செப்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். துறைமுகத்தின் நாற்பது படகுகளும் அவள் கைபட்டுத்தான் காலையில் கண் விழித்தன.

செல்ஃப் என்பது ஆளின் தொடை அளவு மோட்டார்தான். சாவியைத் திருப்பினால் பேட்டரிக் கரண்டு முதலில் அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் சொலனாய்டு என்கிற காந்தச் சுருளுக்குப் போகும், சொலனாய்டு ஒரு நெம்புகோலை இழுக்கும், நெம்புகோல் பெண்டிக்ஸ் என்று நாங்கள் சொல்கிற சின்னப் பல்சக்கரத்தை முன்னால் தள்ளும், அந்தப் பல் போய் எஞ்சினின் பெரிய சக்கரத்தைச் சுற்றியிருக்கும் ரிங் பல்லில் மாட்டும், மாட்டிய பிறகுதான் முழுக் கரண்டும் பாய்ந்து மோட்டார் அந்தப் பெரிய சக்கரத்தைச் சுழற்றும், எஞ்சின் பற்றிக்கொண்டதுமே பல் விட்டுவிட்டுப் பின்னால் வந்துவிட வேண்டும், வராவிட்டால் எஞ்சினின் வேகம் செல்ஃபைச் சிதைத்துப்போடும். பல் தேய்ந்திருந்தால் மாட்டாது, கீச்சென்று சும்மா சுற்றும். கரையில் என்றால் அது நாலு கெட்ட வார்த்தையோடு போய்விடும். கடலில் அப்படியில்லை.

பிரகாசி மோட்டாரின் முன்பக்கத்து மூடியைக் கழற்றினாள். பெண்டிக்ஸில் ஒன்பது இரும்புப் பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது மனிதப் பல் இருந்தது. இளஞ்சிவப்பாக, ஈரமாக, வட்டமாக ஒரு ஈறு, அதில் வேர்விட்டு நின்ற பற்கள், வெற்றிலைக் கறை, ஒன்றில் கறுப்பாகச் சொத்தை, முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது, இரண்டு பல்லுக்கு நடுவே மீன் நார் மாட்டியிருந்தது. கையில் எடுத்துத் திருப்பியபோது எச்சில் நூலாக இழுத்துக்கொண்டு மேஜையில் விழுந்தது. பிரகாசி வெளியே ஓடிச் சாக்கடையில் வாந்தி எடுத்தாள், வாயைக் கழுவிக்கொண்டு வந்தாள், மீட்டரை வைத்து எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தாள்.

“இஞ்ஞாசி, இதுல கரண்டு கோளாறு ஒண்ணுமில்ல. பல்லு வெளக்காததுதான்.”

படகின் உரிமையாளர் தஸ்நேவிஸ் வந்தார். வெள்ளைச் சட்டையும் வாசனைப் பாக்குமாக இருக்கிற மனிதர், கடை வாசலுக்கு உள்ளே வரவில்லை.

“எஞ்சின் எடுக்குதா?”

“ஒரே தொடல்ல எடுக்குது மொதலாளி,” என்றான் இஞ்ஞாசி.

“பெறகென்ன? மாட்டுங்க.”

மாட்டினார்கள். சுவாமியார் வந்து மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார், பற்கள் அதைச் சப்பின, அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏணியில் ஏறிப் போனார், அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் வேறு விஷயம் பேசினார். தினமும் விடிவதற்கு முன் ஒரு ஆள் உப்பும் கரித்தூளும் கொண்டு அந்தப் பற்களை விளக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. முதல் வாரம் விளக்கியவன் வாந்தி எடுத்துக்கொண்டே விளக்கினான், இரண்டாம் வாரம் மூக்கில் துணி கட்டினான், மூன்றாம் வாரம் ஒரு கையால் விளக்கிக்கொண்டே மறுகையால் பன் தின்றான். எஞ்சின் ரூம் தரையில் எச்சில் ஒழுகி வழுக்கியது, மரத்தூள் போட்டார்கள். ஈ மொய்த்தது, மொய்க்கட்டும் என்று விட்டார்கள். மனிதப் பல் இரும்பைப்போல வீம்பு பிடிக்கவில்லை, எவ்வளவு தேய்ந்த ரிங்கானாலும் கவ்விக்கொண்டது, பேட்டரி பாதி செத்திருந்தாலும் இழுத்தது, எஞ்சின் பிடித்ததும் பணிவாகப் பின்வாங்கிக்கொண்டது. மற்றப் படகுகள் விடியலில் சாவியைத் திருப்பித் திருப்பி இருமிக்கொண்டு கிடக்கையில் சலேத் மாதா முதலில் கிளம்பி, முதலில் வலை போட்டு, ஏலத்துக்கு முதலில் வந்தது. எங்கள் அருவருப்பு பொறாமையாக மாறுவதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஆடி மாதம் அந்தச் சொத்தைப் பல் விழுந்தது. எட்டுப் பல்லோடு சுற்றினால் ஓரிடத்தில் உதறுகிறது என்று இஞ்ஞாசி சொன்னான். தஸ்நேவிஸ் அவன் வாயைப் பார்த்தார்.

“ஒனக்குக் கடவாய்ப் பல்லு வலிக்குதுன்னு போன வாரம் சொன்னேல்லா?”

“அது இப்ப சரியாப் போச்சு மொதலாளி.”

“எப்படியும் ஒருநா புடுங்கத்தானல போற.”

அன்றே பிடுங்கின அவன் கடைவாய்ப் பல்லைப் பிரகாசி அந்தத் துளையில் பசைபோட்டு வைத்தாள். மறுநாள் பார்த்தால் ஈறு வளர்ந்து அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது, இஞ்ஞாசியின் பல் மற்ற எட்டோடு சேர்ந்து சொந்தக்காரனைப்போலக் கடித்தது. அன்று சாயங்காலமே, எல்லாப் படகுக்கும் பல் வைத்துவிடலாமா என்று உரிமையாளர்கள் சங்கத்தில் கூட்டம். ரிங்கை மாற்றுவதென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இரண்டு நாள் படகு சும்மா கிடக்கும், இறால் சீசனில் யார் இரண்டு நாள் சும்மா விடுவது, பல் என்றால் ஐந்து நிமிஷம். இப்படித்தான் பேசினார்கள். எங்களைக் கேட்டார்கள் என்றும் சொல்லவேண்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கொடுக்காதவனை அடுத்த நாள் படகில் ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமைதோறும் டவுனிலிருந்து ஒரு ஆள் குறடும் மரத்துப்போகிற ஊசியும் கொண்டு ஏலக்கூடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். அவன் டாக்டரா என்று யாரும் கேட்கவில்லை. மீன் குவிக்கிற சிமெண்டுத் தரையில் ரத்தமும் எச்சிலும் துப்பிக்கொண்டு வரிசையில் நின்றோம், பூனைகள் வந்து நக்கின. நான் ‘கார்மேல்’ படகில் வலை இழுக்கிறவன், என் பெயர் உங்களுக்கு வேண்டாம். மேல் கடைவாயில் ஒன்று கொடுத்தேன். பிடுங்கியவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “நல்ல பல்லு,” என்றான், எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது.

பிறகு எல்லாம் இயல்பாயிற்று. கல்யாண விருந்தில் ஆட்டுக்கறியைக் கொத்தி அரைத்துப் போட்டார்கள். கோயிலில் பாட்டுப் பாடினால் பாதி எழுத்து காற்றாகப் போனது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வாயைத் திறக்கச் சொல்லி, ஓட்டை இருந்தால் படகில் நிரந்தர வேலை இருக்கிறது என்று பெண் கொடுத்தார்கள். சின்ன வள்ளத்து எஞ்சினுக்குப் பால்பல் போதும் என்று யாரோ கண்டுபிடித்தான், பிள்ளைகளுக்குப் பல் ஆடத் தொடங்கியதும் தகப்பன்மார் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார்கள். மற்றப் படகுகளின் இரும்புப் பற்களை அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் எல்லாப் பற்களையும் பிரகாசிதான் பொருத்தினாள், ஒரே இரவில் அவற்றைச் சுற்றியும் ஈறு வளர்ந்தது. சோறு இறங்காமல் மெலிந்துபோனாள், ஆனால் பொருத்தினாள்.

இவ்வளவு நாளும், அந்த முதல் ஒன்பது பல் யாருடையது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

எஸ்கலின் இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை செய்கிறவள். அவள் புருஷன் தொம்மை இஞ்ஞாசிக்கு முன் சலேத் மாதாவின் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசிக் காற்றில் படகு நடுக்கடலில் நின்றுபோய், செல்ஃப் எடுக்காமல் பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனபோது, தூரத்தில் தெரிந்த இன்னொரு படகுக்குக் கயிற்றைக் கொண்டுபோகிறேன் என்று இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தான். கயிறு போய்ச் சேர்ந்தது. படகும் மற்ற நான்கு பேரும் கரை வந்தார்கள். தொம்மை வரவில்லை, உடம்பும் வரவில்லை. அதிலிருந்து எஸ்கலின் துறைமுகத்துப் பக்கம் கால் வைத்ததில்லை, ஊரைச் சுற்றித்தான் வேலைக்குப் போவாள். கார்த்திகையில் ஒருநாள் மழையில் அந்த வழி முழுக்கத் தண்ணீர் நின்றதால், விடியற்காலையில் துறைமுகத்து மதிலோரமாக நடந்தாள். இஞ்ஞாசி சாவியைத் திருப்பினான். எங்களுக்கு முறுக்குக் கடிக்கிற சத்தமாகக் கேட்டது அவளுக்கு வேறாகக் கேட்டது. பதினோரு வருஷம் பக்கத்தில் படுத்து அவள் கேட்ட சத்தம். தொம்மைக்குத் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம் இருந்தது.

அவள் கம்பெனிக்குப் போகவில்லை. பிரகாசியின் கடை வாசலில் உட்கார்ந்து, கடை திறக்கும்வரை காத்திருந்தாள்.

“எக்கா, அந்த போட்டு செல்ஃபுல முன்பல்லு ஒண்ணு ஓரம் ஒடஞ்சிருக்குமா?”

பிரகாசி கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே வைத்தாள்.

“நைலான் நூலப் பல்லால கடிச்சு அறுக்காதியனு தெனமும் சொல்லுவேன்,” என்றாள் எஸ்கலின். “கேக்க மாட்டாவ.”

“ஒடஞ்சிருக்கு.”

“கழட்டித் தாங்க. குழியில வைக்க எனக்கு ஒண்ணுமே இல்ல.”

பிரகாசி அப்போதே சரியென்று சொல்லியிருக்கலாம், சொல்லிவிட்டால் மற்றது யாருக்கும் தெரியாது. ஆனால் மாசக்கணக்காக வயிற்றில் தங்காததெல்லாம் அன்றைக்குத் தொண்டைக்கு வந்தது.

“அந்த ஐப்பசிக்கு முந்தி தொம்மை எங்கிட்ட வந்தான். பெண்டிக்ஸ் வழுக்குது, மாத்துக்கான்னான். தஸ்நேவிஸ் அண்ணாச்சி, இந்த சீசன் ஓடட்டும், பழசையே ராவிப் போட்டு புதுசுன்னு சொல்லிருன்னாரு. நான் அரத்த வச்சுப் பல்லக் கூராக்கி, சில்வர் பெயிண்ட் அடிச்சுக் குடுத்தேன். அவன் வாங்கிப் பாத்துட்டு, நல்லாருக்குக்கான்னு சொன்னான்.”

எஸ்கலின் அழவில்லை. யாரோ அழுகின மீனைத் தன் இலையில் வைத்ததுபோல அவளைப் பார்த்தாள்.

“அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாவ. புதுசு போட்டாச்சு, இனி பயமில்லன்னு. சந்தோசமா இருந்தாவ. நானும் சந்தோசமா சாளக் கொழம்பு வச்சேன்.” எழுந்து சேலையை உதறினாள். “ஞாயித்துக்கெழம எல்லாரும் பூசைக்குப் போவும்போது வாரேன். நீயே கழட்டணும்.” அதுவரை எக்கா, நீங்க என்று பேசியவள் அதற்குப்பின் அப்படிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படகுக்குக் காவல் இருந்தவன் இஞ்ஞாசி. இரண்டு பெண்களும் ஏணியில் இறங்குவதைப் பார்த்தான், தடுக்கவில்லை, எஞ்சின் ரூம் விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். செல்ஃபைக் கழற்றுவது எளிதாக இருந்தது. பற்களைக் கழற்றுவதுதான் முடியவில்லை, ஈறு விடவில்லை, குறடு வழுக்கியது, ஒவ்வொரு பல்லுக்கும் ரத்தமும் சீழும் வந்து பிரகாசியின் முழங்கைவரை ஒழுகியது, அவள் இரண்டுமுறை தலையைத் திருப்பி வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பவும் பிடித்தாள். எஸ்கலின் முகம் சுளிக்காமல் முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து உள்ளே போட்டாள். ஒன்பதாவதைத் தடவியதும் இஞ்ஞாசியிடம் நீட்டினாள்.

“இது அவுக பல்லு இல்ல. ஒன்னோடதா?”

அவன் வாங்கிக்கொண்டான். விழுந்த சொத்தைப் பல் எங்கே என்று அவள் கேட்டாள். அதை அன்றைக்கே கடலில் வீசியாயிற்று என்றான். தொம்மையின் ஒன்பதில் எட்டுத்தான் அவளுக்குக் கிடைத்தது.

அன்றைக்கே எட்டுப் பல்லுக்கு ஆறடிப் பெட்டி செய்தார்கள், எஸ்கலின் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. தூக்கும்போது கனமே இல்லாமல் இருந்ததால் முன்னால் போனவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள், அவள் கத்தி நிறுத்தி, ஆளைத் தூக்குகிறதுபோலத் தூக்குங்கள் என்றாள். பல்லில்லாத வாயால் நாங்கள் பாடின பாட்டு ஊதல் சத்தமாக வந்தது. தஸ்நேவிஸ் பெரிய மாலையோடு கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றார். எஸ்கலின் நின்று, கூட்டமே கேட்கிறாற்போலச் சொன்னாள்:

“செத்த பெறகும் வேல வாங்கிட்டீரே, இன்னும் என்ன?”

அவர் மாலையைப் பிடித்தபடியே நின்றார். குழியை மூடி முடிக்கிறவரையில் அப்படியே நின்றார் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

ஆனாலும் திங்கட்கிழமை ஆள் அனுப்பினார். ஒரு சாசரில் ஒன்பது பல், புது ஆட்களுடையது, ரத்தம் காயவில்லை. பிரகாசி சாசரைத் திருப்பி அனுப்பினாள். பல் வேலை இனிச் செய்யமாட்டேன், புது பெண்டிக்ஸும் புது ரிங்கும் போடுவதானால் போடுகிறேன், இரண்டு நாள் ஆகும் என்றாள். துறைமுகத்தில் அந்த வேலை தெரிந்த வேறு ஆள் இல்லை. தஸ்நேவிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார், அவருக்கு முப்பத்திரண்டும் இருந்தன. பிரகாசி கடைச் சுவரில் ஆணியில் தொங்கிய புது பெண்டிக்ஸுகளில் ஒன்றை எடுத்தாள். அவை அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தன. கியர்பாக்ஸை இறக்கி, தேய்ந்த ரிங்கைத் தட்டி எடுத்து, புது ரிங்கை நெருப்பில் சூடாக்கி ஏற்றி, புதன்கிழமை காலையில் முடித்தாள்.

எல்லாப் படகுக்காரர்களும் பார்க்க வந்திருந்தோம். இஞ்ஞாசி சாவியைத் திருப்பினான். டக் என்று மாட்டியது, எஞ்சின் ஓடியது. நாற்றமில்லை, எச்சிலில்லை. எல்லா ஊர்ப் படகும் எப்படிக் கிளம்புமோ அப்படிக் கிளம்பியது. யாரும் கை தட்டவில்லை. ஒவ்வொருவன் கன்னமும் உள்ளிருந்து புடைப்பதைப் பார்த்தேன், நாக்கு ஓட்டையைத் தேடிப் போயிருந்தது.

இஞ்ஞாசி எஞ்சினை நிறுத்தினான்.

“மொதலாளி, இந்தச் சாமான் கடையில கெடைக்குமா?”

“கெடைக்கும்.”

“எப்பவுமா?”

“எப்பவுந்தான். அதுக்கென்ன இப்ப?”

“அப்ப எம் பல்லு?”

இஞ்ஞாசி சாவியை உருவி தஸ்நேவிஸின் வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பலகையில் நடந்து இறங்கினான். அன்றைக்கு ஒரு படகும் போகவில்லை. மத்தியானத்துக்குள் முப்பத்தாறு செல்ஃப் மோட்டார்கள் கழற்றப்பட்டு பிரகாசியின் கடை வாசலில் வரிசையாகக் கிடந்தன, எல்லாம் வாயைத் திறந்துகொண்டு, வெயிலில் நாறிக்கொண்டு. மூன்று படகுக்காரர்கள் கழற்றவில்லை, பிடுங்கினது பிடுங்கினதுதானே, திரும்ப முளைக்கவா போகிறது என்று சொல்லிவிட்டார்கள், அந்த மூன்றும் இன்றைக்கும் பல்லால்தான் ஓடுகின்றன. மற்றவர்கள் வரிசையில் நின்றோம். பிரகாசி குனிந்தபடியே ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தந்தாள், யார் முகத்தையும் பார்க்கவில்லை, நாங்களும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை.

என்னுடையது கிடைத்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அது வெதுவெதுப்பாக இருந்தது, அடியில் கொஞ்சம் ஈறு ஒட்டிக்கொண்டிருந்தது, அது யாருடைய சதையென்று தெரியவில்லை. தூக்கி எறியவும் மனசில்லை, கையில் வைத்திருக்கவும் முடியவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். வீடு போய்ச் சேரும்வரை அது பைக்குள்ளிருந்து என் நெஞ்சுத் தோலை மெதுவாக, விடாமல், கடித்துக்கொண்டே வந்தது.